பழைய 800-க்கு எல்இடி பல்பு போடலாமா?

8 ஜூன் 2025. கேள்வி, திருச்சியிலிருந்து

1998 மாருதி 800. கார்பரேட்டர் வண்டி, ஏசி கிடையாது. அப்பா வைத்திருந்தது, இப்போது என் கையில். பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி விராலிமலைப் பக்கம் போனால் ஹெட்லைட் சோகை பிடித்து மஞ்சளாக எரிகிறது, ரோட்டோரம் தெரியவே இல்லை. எல்இடி பல்பு ஜோடி 2,500 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். மெக்கானிக் "போட்டுரு" என்கிறார். பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது அண்ணே?

8 ஜூன், இரவு

ரெண்டு பேர் பேச்சும் வேண்டாம் தம்பி. முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கு.

வண்டி ஓடும்போது லைட்டுக்குக் கரன்ட் தருவது பேட்டரி இல்லை, டைனமோ என்று நாம் சொல்கிற ஆல்டர்னேட்டர். பேட்டரி வீக் என்றால் காலையில் செல்ஃப் இழுக்கத் திணறும். அந்தப் புகார் உன் கேள்வியிலேயே இல்லை.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வை. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும், கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பிடிக்க ஓர் ஆள் உள்ளே இருக்கட்டும். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ நல்லபடி இருக்கிறது. அப்புறம் பல்பின் பின்னால் இருக்கும் கனெக்டரில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, பின்பக்கமாக முள்ளை நுழைத்துப் பார். கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்க்காதே, ஏமாற்றிவிடும். லோடு இல்லாவிட்டால் ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட முழு வோல்டேஜைக் காட்டும்.

ரெண்டு எண்ணையும் இங்கே போடு.

10 ஜூன்

தம்பி போட்ட எண்கள்: பேட்டரியில் 14.1, பல்பில் 11.6.

பாருங்கள், இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருக்கிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் குறைகிற அதே அளவில் வெளிச்சம் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரியும். ஏறக்குறைய வோல்டேஜின் 3.4 அடுக்கு என்று கணக்கு. பத்து சதவீதம் வோல்ட் போனால் முப்பது சதவீத வெளிச்சம் போச்சு. தம்பியின் வண்டியில் போனது கிட்டத்தட்ட பாதி. அப்பா காலத்தில் எரிந்த அதே 60/55 வாட் பல்பு, பாதி வெளிச்சத்தில் எரிகிறது. பல்பின் மேல் தப்பில்லை.

எங்கே போகிறது? பேட்டரியில் கிளம்பிய கரன்ட் ஃபியூஸ் பெட்டி, டேஷ்போர்டுக்குள், ஸ்டியரிங் அடியில் இருக்கும் சுவிட்ச், அங்கே டிம் பிரைட், மறுபடி முன்னால் என்று ஊரெல்லாம் சுற்றி வருகிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான காண்டாக்ட் ஒவ்வொன்றும் அரை வோல்ட் கால் வோல்ட் என்று கமிஷன் எடுக்கும். மிச்சத்தை எர்த் எடுத்துக்கொள்ளும்.

10 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டியில் "கரன்ட் ப்ராப்ளம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற பாதிப் பேருக்குத் தேவைப்படுவது பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும்தான்.

மீட்டரின் ஒரு முள் பேட்டரி நெகட்டிவ் முனையில். இன்னொன்று எரிகிற பல்பின் எர்த் பின்னில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த வயர் பாடியில் எங்கே போல்ட் போட்டு நிற்கிறது என்று தேடிப் பிடி, கழற்று, அடியில் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய், இறுக்கு, மேலே கொஞ்சம் வாசலின் பூசு. அதேபோல ஒரு முள்ளை நெகட்டிவ் முனையிலும் ஒரு முள்ளை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல். அங்கே அரை வோல்ட் காட்டினால் பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடி எர்த் வயரை மாற்று. செல்ஃப் மோட்டார் வீக் என்று கழற்றிக் கொண்டுபோகிற முன்னால் இதைப் பார்த்தால் போதும்.

11 ஜூன்

கோவை நண்பர்: "நான் எல்இடி போட்டு ரெண்டு வருஷமாச்சு. பகல் மாதிரி இருக்கு. சும்மா பயமுறுத்தாதீங்க."

உங்களுக்குப் பகல் மாதிரித்தான் இருக்கும் சார். எதிரே வருகிறவருக்கு?

ஹெட்லைட்டில் இருக்கும் எச்4 ரக ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகரக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகிற வெளிச்சத்தை அது மறைப்பதால்தான் டிம் அடித்தால் வெளிச்சம் எதிராளியின் கண்ணுக்கு ஏறாமல் ரோட்டில் நிற்கிறது. ரிஃப்ளெக்டரும் கண்ணாடி வரிகளும் அந்த இழை நிற்கும் இடத்தை வைத்து வெட்டப்பட்டவை. எல்இடியில் வெளிச்சம் கிளம்பும் இடம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பீம் சிதறும். வண்டியைச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். மேல் விளிம்பு கோடு போட்ட மாதிரி நிற்கிறதா, கூரைவரை படர்கிறதா?

கோடு நின்றால் என்னைத் திட்டிவிட்டு அதே பல்போடு சந்தோஷமாக ஓட்டுங்கள்.

14 ஜூன்

தம்பிக்கு: எர்த் தேய்த்ததில் 11.6 என்பது 12.2 ஆகியிருக்கிறது. செலவு உப்புத்தாள். இனி ரிலே, அதாவது சின்னக் கரன்ட் தட்டிவிட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்.

நாலு பின் ரிலே இரண்டு, ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட பின்னுக்கு. 87-லிருந்து பல்புக்கு. பல்புக்கு வந்துகொண்டிருந்த பழைய வயர் 86-க்கு, 85 எர்த். பழைய சுவிட்ச் இனிமேல் ரிலேயைத் தட்டிவிடுகிற வேலையை மட்டும் செய்யும், பத்து ஆம்பியரைச் சுமக்காது. சுவிட்சின் ஆயுளும் கூடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜப்பான் வழி வந்த வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்காது, எர்த் பக்கம் இருக்கும். பல்புக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்துகொண்டிருக்கும், சுவிட்ச் போட்டால் எர்த் கிடைக்கும். இணையத்தில் கிடைக்கிற படத்தை அப்படியே பார்த்துச் செய்தால் அந்த வண்டியில் டிம்மும் பிரைட்டும் சேர்ந்து எரியும், இல்லை இரண்டுமே எரியாது. உன் வண்டி எந்த ரகம் என்று மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வயரை வெட்டு.

சென்னைக்காரர்களுக்கு: புது ரிலே, ஹோல்டர் எல்லாம் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். பழைய சாமான் விற்கிற புதுப்பேட்டைக்கு ரிலே வாங்கப் போகாதீர்கள். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ரெகுலேட்டர், டெயில் லைட் என்றால் புதுப்பேட்டை. கரன்ட் சாமான் பழசில் வாங்குவது இன்னொருவர் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது.

22 ஜூன்

பல்பில் 13.7. தம்பி படம் போட்டிருக்கிறார். அதே பழைய பல்பு. எல்இடி காசை என்ன செய்யலாம் என்று கேட்கிறார். நாலு பெட்ரோல் ஹோஸ் வாங்கு என்றேன், அந்தக் கதை கீழே.

6 ஜூலை

நாகர்கோவில் பெரியவர் ஒருவர்: "தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்கிறார். சரிதானா?"

இல்லை ஐயா. இந்த ஒரு வழக்கத்தால் கெட்ட இன்ஜின்கள் ஏராளம்.

தெர்மோஸ்டாட் வேலை இன்ஜினைக் குளிர வைப்பதில்லை, சூட்டை ஒரு இடத்தில் நிறுத்தி வைப்பது. தண்ணீர் எண்பது டிகிரி சொச்சம் வருகிறவரை ரேடியேட்டர் பக்கம் விடாது. அதைக் கழற்றினால் காலையில் எடுத்த வண்டி, ஹைவேயில் காற்று பட ஓடும்போது, சூடே ஏறாமல் ஓடிக்கொண்டிருக்கும். சூடு ஏறாத இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயில் கெட்டியாகவே இருக்கும், சிலிண்டர் சுவர் தேயும். மைலேஜ் போகும். டெம்பரேச்சர் முள் கீழேயே கிடப்பதைப் பார்த்து "வண்டி கூலா இருக்கு" என்று சந்தோஷப்படுவோம்.

ஓவர்ஹீட் ஆனதால்தானே கழற்றினார்? அப்போது ஓவர்ஹீட்டுக்கு வேறு காரணம் இருக்கிறது, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பெரும்பாலும் உப்புப் படிந்த ரேடியேட்டர். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே டியூப் அடைத்திருக்கும். இல்லையென்றால் ஃபேன் சுவிட்ச். அதுவும் இல்லையென்றால் ரேடியேட்டர் மூடி. 0.9 என்று பொறித்த மூடி நல்லபடி இருந்தால் அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்துபோன மூடியில் நூறிலேயே கொதித்துவிடும். மூடி விலை ஒரு சாப்பாட்டுக் காசு. தெர்மோஸ்டாட்டைப் பழையபடி போடச் சொல்லுங்கள், போடும் முன் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அது திறக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

7 ஜூலை

"வீட்டுப் பாத்திரத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சொல்லியிருக்கலாம்தான். யார் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

9 ஆகஸ்ட்

எல்லோரும் இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பற்றிக் கேட்கிறார்கள். மதுரை நண்பர் கொதித்துப்போயிருக்கிறார்: லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த 800 இப்போது 16 கொடுக்கிறதாம், "எத்தனால் என் வண்டியைக் கொன்றுவிட்டது".

லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் கலந்தால் ஆறு ஏழு சதவீதம் போகும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலும், சுத்தப் பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த கார்களுக்கு அதே 6-7 சதவீதம்தான் சொல்லியிருக்கிறார்கள். 18 என்பது 16.8 ஆகலாம். 16 எப்படி? பதினொரு சதவீதமாச்சே. வேறு ஏதோ இருக்கிறது சார், யோசியுங்கள்.

என் கவலை மைலேஜ் இல்லை, ரப்பர். என்னுடையது 1996 வண்டி. போன மாதம் பம்ப்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிற ஹோஸை விரலால் வளைத்துப் பார்த்தேன். வெளியே பார்க்க நல்லாத்தான் இருந்தது. கிளாம்ப் கடித்த இடத்தில் மட்டும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கழற்றி, பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். உள்சுவர் பிசுபிசுத்துப் போயிருந்தது, தொட்ட விரலில் கறுப்பு ஒட்டியது. அந்தக் கறுப்புதான் பெட்ரோல் பாயும் சின்னத் துளையான கார்பரேட்டர் ஜெட்டில் போய் உட்கார்ந்து "ஐடிலிங் நிற்கலை" என்று நம்மை ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்கிறது. அது நல்ல கேஸ். கெட்ட கேஸில் ஹோஸ் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டும்.

மீட்டர் கணக்கில் விற்கிற கறுப்புக் குழாய் வேண்டாம். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள், உள்சுவர் எத்தனால் தாங்கும். டேங்கிலிருந்து வருவது, ரிட்டர்ன், பம்ப்பிலிருந்து போவது, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். கிளாம்ப்பும் புதுசு.

கூடவே ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். கார்பரேட்டர் 800-இல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி நின்று, கேம்ஷாஃப்ட்டால் ஓடுவது. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் நெடியும் அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

10 ஆகஸ்ட்

"ஜெட்டை ஒரு சைஸ் பெரிசாக்கலாமா?" இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், கார்பரேட்டருக்கு அந்த மூளை இல்லை, இ20-க்கு அது கொஞ்சம் லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி, ஓடும் என்பது உண்மை. ஒரு சைஸ் ஏற்றினால் நல்லது என்றுதான் எனக்கும் முதலில் பட்டது.

12 ஆகஸ்ட்

ஜெட் விஷயம், இரண்டு நாளாக யோசித்தேன். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் காபி நிறம் என்றால் எதையும் தொட வேண்டாம். வெள்ளைவெளேர் என்று சுட்டுக் கிடந்தால்தான் லீன். அப்போதும் ஜெட்டுக்கு முன்னால் வாக்கம் ஹோஸில் காற்று கசிகிறதா, கார்பரேட்டர் அடிக் கேஸ்கெட் நல்லா இருக்கிறதா என்று பாருங்கள். இருபத்தேழு வருஷ வண்டியில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஜெட்டை ஊசியால் குத்திப் பெரிசாக்குகிற ஆட்களிடம் வண்டியை விடாதீர்கள், அவ்வளவுதான்.

பெட்ரோலில் ஊற்றுகிற பாட்டில் மருந்து பற்றிக் கேட்டவர்களுக்கு: அந்தக் காசுக்கு ஹோஸ்.

17 ஆகஸ்ட்

மதுரை மர்மம் துலங்கிவிட்டது!

அவர் மார்ச்சில் டயர் மாற்றியிருக்கிறார். 800-க்கு வரும் 145/70 ஆர்12 கடையில் இல்லை என்று, "இது ஆல்டோ டயர் சார், இன்னும் நல்லா தூக்கி நிக்கும்" என்று 145/80 ஆர்12 போட்டுவிட்டார்கள். கணக்குப் போடுவோம். பழைய டயரின் விட்டம் 508 மில்லிமீட்டர், புதுசு 537. கிட்டத்தட்ட 5.7 சதவீதம் பெரிசு. சக்கரம் பெரிசானால் அதே தூரத்துக்குச் சுற்று குறையும், கிலோமீட்டர் மீட்டர் குறைத்துக் காட்டும். 16.8-ஐ 1.057-ஆல் வகுத்தால் 15.9.

எத்தனால் பாதி, டயர்க்கடை பாதி. வண்டி உயிரோடுதான் இருக்கிறது சார்.

ஆனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63-க்கு மேல் போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, பின்னால் நாலு பேரை ஏற்றி, எங்கேயாவது உரசுகிறதா என்றும் பாருங்கள். டயர் வாங்குகிற மற்றவர்கள் பக்கச் சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம். பன்னிரண்டு இன்ச் டயர் கடையில் மெதுவாகத்தான் நகரும், பழைய ஸ்டாக் தலையில் கட்டப்படும்.

31 ஆகஸ்ட்

பதிவு புதுப்பிக்கும் கட்டணம். 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாய் இருந்தது 5,000 ஆனது. இந்த மாதம் வந்த அறிவிப்பில் 20 வருஷம் தாண்டியதற்கு 10,000. பசுமை வரி தனி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்பதால் தம்பிக்கு 2028 வரை கவலை இல்லை. எனக்கு அடுத்த வருஷம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதிவு புதுப்பிக்க ஆர்டிஓவில் வண்டியைக் காட்டப் போகிறவர்கள் லைட், இண்டிகேட்டர், ஹார்ன், ஹேண்ட் பிரேக் எல்லாம் பார்ப்பீர்கள். சேசிஸ் நம்பரை மறந்துவிடுவீர்கள். அதைப் பென்சிலால் தாளில் தேய்த்து அச்சு எடுப்பார்கள். துருவும் பட்டியும் பெயின்ட்டும் மூடி எழுத்து பதியவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போதே மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், எழுத்து தேயும். டிங்கரிங் செய்யக் கொடுத்தால் அந்த இடத்தில் பட்டி பூசாதே என்று நேரில் நின்று சொல்லுங்கள்.

5 அக்டோபர்

மழை வரப்போகிறது. கதவின் அடி விளிம்பில் சின்ன ஓட்டைகள் இருக்கும், ஒரு குச்சியை விட்டுக் குத்துங்கள். மண் அடைத்திருந்தால் கண்ணாடி வழியாக இறங்குகிற தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். கால் மிதிக்கிற ரப்பர் மேட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்ப்பெட் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள். ஈரம் என்றால் கார்ப்பெட்டையே எடுத்து வெயிலில் போடுங்கள். 800-இன் தளத் தகரம் தடி இல்லை. பேட்டரி உட்காரும் தட்டையும் பாருங்கள், ஆசிட் தின்றிருக்கும்.

2 நவம்பர்

தாம்பரத்திலிருந்து ஒருவர்: டேஷ் கேமரா போட்ட பிறகு நாலைந்து நாள் நிறுத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை, பேட்டரி புதுசு.

சாவியை எடுத்த பிறகும் கேமரா கரன்ட் குடிக்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். 0.05-க்குள் இருந்தால் பரவாயில்லை. அவர் பார்த்தது 0.3. அந்தக் கணக்கில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 116 மணி நேரத்தில் காலி, அதாவது ஐந்து நாள்கூட இல்லை. கேமரா வயரை சிகரெட் லைட்டர் ஃபியூஸுக்கு மாற்றினார், தீர்ந்தது. அந்த ஃபியூஸுக்குச் சாவி போட்டால்தான் கரன்ட் வரும் என்பதையும் மீட்டரில் பார்த்துக்கொண்டுதான் மாற்றினார், நல்ல ஆள்.

16 நவம்பர்

திருச்சித் தம்பி மறுபடி வந்திருக்கிறார். பவர் விண்டோ கிட் போட வேண்டுமாம். அம்மாவுக்குக் கண்ணாடி சுற்றக் கை வலிக்கிறதாம்.

கண்ணாடி ஓடுகிற சேனல் ரப்பர் காய்ந்து கெட்டியாகியிருக்கும் தம்பி. கண்ணாடியை இறக்கிவிட்டு சேனலை ஈரத் துணியால் துடை, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடி. ஆயில், கிரீஸ் அடிக்காதே, மண் சேர்ந்து இன்னும் இறுகும். கதவு அட்டையைக் கழற்றினால் ரெகுலேட்டர் பல்லுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் வை. அட்டை கிளிப்புகள் உடையும், முதலிலேயே பத்து வாங்கி வைத்துக்கொள். ரப்பர் ரொம்பக் கிழிந்திருந்தால் புது சேனல் ரப்பர் போடு.

அப்படியும் அம்மாவுக்குக் கை வலித்தால் கிட் போடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதற்கும் தனி ஃபியூஸ், தனி வயர். ஹெட்லைட் ஃபியூஸிலிருந்து இழுத்தாய் என்று கேள்விப்பட்டால் திருச்சிக்கே வந்து கழற்றுவேன்.